விமானம் இறங்கும் முன்பே தொடங்கும் உங்கள் வேலை

கேள்வி: எங்கள் அமைப்பு நடத்தும் சர்வதேச இளைஞர் மாநாட்டுக்கு 80 பேர் வருகிறார்கள். பாதிப் பேருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சிலருக்கு 18 வயதுகூட ஆகவில்லை. வரவேற்புப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: வருகைப் பட்டியலில் தொடங்குங்கள். பேனரையும் பூங்கொத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்காமல், டிக்கெட்டின் நகலையே வாங்கிவிடுங்கள். விமான எண் கையில் இருந்தால் தாமதத்தை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது நள்ளிரவு விமானங்களில்தான். டிக்கெட்டில் '14ஆம் தேதி 00.40' என்று இருக்கும். அதாவது 13ஆம் தேதி இரவே நீங்கள் போய் நிற்க வேண்டும். 14ஆம் தேதி இரவு வண்டி அனுப்பினால், அந்தப் பிள்ளை ஒரு பகல் முழுக்கப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். அதனால் பட்டியலில் '13 சனி இரவு, விடிந்தால் 14 ஞாயிறு' என்றே எழுதிவையுங்கள். ஓட்டுநரிடம் கொடுக்கும் தாளிலும் அப்படியே இருக்கட்டும்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். பக்கத்திலேயே, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பான், சீனா, ஹங்கேரி போன்ற நாடுகளில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். வரவேற்பு அட்டையில் மாநாட்டின் பெயர் மட்டும் போதும். 17 வயதுப் பெண்ணின் பெயரை அட்டையில் எழுதிக் காட்டினால், யார் வேண்டுமானாலும் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட முடியும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புறப்படும் முன்பே ஒவ்வொருவருக்கும் அழைப்புக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதை அச்செடுத்து, பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இமிக்ரேஷன் கவுன்டரில் எங்கே தங்குகிறாய், எத்தனை நாள், யார் செலவு என்று கேட்பார்கள். உள்ளூர் சிம் இல்லாத போனில் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு நின்றால் பதற்றம்தான் மிஞ்சும். தங்குமிட முகவரியும் உங்கள் போன் எண்ணும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். அதிகாரி அந்த எண்ணை அழைத்துப் பார்க்கலாம். அதிகாலை மூன்று மணிக்கும் ஒருவர் எடுத்துப் பேச வேண்டும். ஒரே எண், முறை வைத்து இரண்டு மூன்று பேர் என்றால் சமாளிக்கலாம்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக வந்தால், பெற்றோரின் சம்மதக் கடிதத்தைப் பல நாடுகள் கேட்கும். நோட்டரி கையெழுத்தும் தேவைப்படலாம். தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இடையில் விமானம் மாறும் நாட்டில் டிரான்சிட் விசா வேண்டுமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பெட்டி வரவில்லையா? வெளியே வருவதற்கு முன்பே, பெட்டி எடுக்கும் இடத்திலுள்ள கவுன்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். புகார் எண்ணை வாங்கி, மாநாட்டுத் தங்குமிட முகவரியைத் தரச் சொல்லுங்கள். வீட்டு முகவரியைக் கொடுத்தால் பெட்டி ஊருக்கே போய்விடும். சர்வதேசப் பயணங்களில் விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999 மாண்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், 21 நாளுக்குள் வராத பெட்டிக்கு அதைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். ஆனால் உங்கள் மாநாடு அதற்குள் முடிந்திருக்கும். அதனால் மாற்று டி-ஷர்ட், துண்டு, பிரஷ் கொஞ்சம் கையிருப்பில் வையுங்கள்.

வந்த இரவில் எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக, தோராயமாக ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஒரு நாள் ஆகும். கிழக்கு நோக்கிப் பறந்து வந்தவர்களுக்கு இன்னும் சிரமம். குடிக்கத் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கொடுத்து, தூங்க விடுங்கள். அறைச் சாவியோடு வைஃபை கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஒரு அம்மாவோ அப்பாவோ தூங்காமல் அந்த ஒரு வரிச் செய்திக்காகக் காத்திருப்பார்கள்.