மாட்டுண்ணிக்கு மூலிகை வைத்தியம்: கேட்டவையும் பதிலும்

கேள்வி: வேப்பெண்ணெய் தடவி இரண்டு நாளாயிற்று. ஓர் உண்ணிகூட விழவில்லையே, ஐயா?

பதில்: விழாது. வேம்பில் உள்ள அசாடிராக்டின், பட்டவுடன் கொல்லும் நஞ்சு அல்ல. உண்ணி தோலுரித்து வளர்வதையும் முட்டையிடுவதையும் அது கெடுக்கும். வாரம் ஒருமுறை தடவி வந்து, மூன்றாவது வாரத்தில் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எந்த அளவில் கலப்பது? எண்ணெய் தனியே மிதக்கிறது.

பதில்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி. முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலை விட்டுக் குழையுங்கள். அது பால்போல வெளுத்த பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துபோகும் என்பதால் மாலையில் பூசுவது நல்லது. காதுமடலின் உட்புறம், அலைதாடி, மடிக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள இடுக்கு, வாலடி ஆகியவைதான் உண்ணி ஒளியும் இடங்கள். முதுகை மட்டும் நனைத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் பலர். கறவை மாடாக இருந்தால் பால் கறந்த பிறகு பூசி, அடுத்த முறை கறக்கும் முன் மடியைக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் பாலில் வேப்பெண்ணெய் வாடை ஏறிவிடும்.

கேள்வி: சுத்தமாகப் போய்விட்டது என்று நினைத்தோம். மறுபடி மொய்க்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: உங்கள் தொழுவத்துச் சுவரிலிருந்து. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி மாட்டை விட்டு விழுந்து, விரிசலில் புகுந்து, 2,000 முதல் 4,000 முட்டைகள்வரை இட்டுவிட்டுச் சாகும். பொரிந்த குஞ்சுகள் அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். கறவை மாடுகளில் பெரும் தொல்லை தரும் ஒரு வகை, குஞ்சாக ஏறியது முதல் மூன்று வாரம்போல அதே மாட்டிலேயே இருந்து வளர்ந்துவிடும். ஆக, மாட்டின் மேல் நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். விரிசல்களைப் பூசி அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், குப்பையையும் வைக்கோல் குவியலையும் தள்ளி வையுங்கள். அதே கரைசலைச் சுவர் இடுக்குகளிலும் தெளியுங்கள். கோழிகளை உள்ளே விட்டால் உண்ணிகளைத் தேடிக் கொத்தும். அவற்றுக்குக் கூலியும் கிடையாது!

மேய்ச்சல் நிலத்தில் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி நிற்கும். அங்கே முயல் மசால் விதைக்கலாம். அதன் தண்டிலும் இலையிலும் உள்ள பிசுபிசுப்பான மயிர்களில் அவை ஒட்டிக்கொண்டு மடியும். மாட்டுக்கும் நல்ல தீவனம்.

கேள்வி: சீத்தாப்பழ விதை, புகையிலைக் கஷாயம்?

பதில்: இரண்டும் உண்ணியைக் கொல்லும். ஆனால் சீத்தா விதைப்பொடி கண்ணில் பட்டால் கடும் புண் உண்டாகும். அரைப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. புகையிலையை நான் யாருக்கும் சொல்வதே இல்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும், நக்கினால் இன்னும் மோசம். கன்றுக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

கேள்வி: கையால் பிடுங்கி நசுக்கிவிடுகிறேன். சரியா?

பதில்: பிடுங்குங்கள், நசுக்காதீர்கள். சில உண்ணிகள் மனிதருக்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலைத் தரும் கிருமியைச் சுமக்கும். கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பசுவுக்குக் காய்ச்சல், சிறுநீர் செந்நிறமாகப் போகிறது. மூலிகை போதுமா?

பதில்: போதாது. இது உண்ணி பரப்பிய இரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ரசாயன மருந்தை அடியோடு விட முடியாதா?

பதில்: ஈறு வெளுக்கும் அளவுக்கு உண்ணி ஏறிய கன்றுக்கு முதலில் மருத்துவர் தரும் மருந்துதான். கூட்டம் குறைந்த பிறகு வேம்பும் தொழுவச் சுத்தமும் அதைப் பெருகவிடாமல் பிடித்து வைக்கும். டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவற்றுக்குப் பல நாடுகளில் உண்ணிகள் பழகிவிட்டன. கண்ணளவில் நீர்த்துத் தெளித்ததும் அதற்கு ஒரு காரணம். மூலிகையோ ரசாயனமோ, அளவுக் குவளை ஒன்று வாங்கி வையுங்கள்.