உள்ளூர் தொலைக்காட்சியும் புலனாய்வும் – கடிதம்

வணக்கம்.

உள்ளூர் சேனல்களில் ‘சிறப்புப் புலனாய்வு’ என்ற பெயரில் வருவதைப் பார்த்து அலுத்துவிட்டது. ரகசியக் கேமரா, அதிரும் இசை, ஓடுகிறவரைத் துரத்தும் மைக். இவ்வளவுதான். உண்மையான புலனாய்வு செய்தித்தாள்களோடு முடிந்துவிட்டதா? தொலைக்காட்சிக்கு அது இயல்பிலேயே ஒத்துவராதோ?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் அலுப்பு நியாயமானது. கடைசிக் கேள்விக்கு மட்டும் இல்லை என்றே சொல்வேன். உள்ளூர் தொலைக்காட்சியால் மிக நன்றாகச் செய்ய முடிகிற புலனாய்வு ஒன்று உண்டு.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கே.எச்.ஓ.யு. என்ற நிலையம் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் அதன் செய்தியாளர் அன்னா வெர்னர், ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பரப்பு பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்வதை வெளிக்கொண்டுவந்தார். டயர் நிறுவனம் கோபமாக மறுப்புக் கடிதம் எழுதியது. ஆனால் ஒளிபரப்புக்குப் பிறகு, ‘எங்களுக்கும் இதே நடந்தது’ என்று பார்வையாளர்கள் நிலையத்தை அழைத்தார்கள். அதுவரை ஒவ்வொன்றும் தனி விபத்தாக வழக்கறிஞர்களின் கோப்புகளில் கிடந்தது. மே மாதம் மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது.

அதே நிலையம் 2002-இல் நகரக் காவல்துறையின் தடயவியல் ஆய்வகத்தைக் கையில் எடுத்தது. வழக்குக் கோப்புகளை நிபுணர்களிடம் காட்டியபோது டி.என்.ஏ. சோதனைகளில் அடிப்படைப் பிழைகள் தெரிந்தன. அதைப் பார்த்த ஒரு தாய் நிலையத்தைத் தொடர்புகொண்டார். அவருடைய மகனுக்கு 1999-இல் 25 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மறுசோதனையில் மாதிரி பொருந்தவில்லை. 2003 மார்ச்சில் அவர் வெளியே வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஊரிலேயே, அந்தத் திரையின் முன்னாலேயே இருக்கிறார்கள் என்பதுதான் உள்ளூர் நிலையத்தின் பலம். தேசிய சேனலுக்கு அது எளிதில் கிடைக்காது.

பிறகு ஏன் இந்த நிலை? நேரம் இல்லை, அதுதான் முதல் காரணம். செய்தி நேரம் நீண்டுகொண்டே போகிறது, செய்தியாளர்களின் எண்ணிக்கை அதற்கேற்ப வளரவில்லை. ஒரே ஆள் படம்பிடித்து, தொகுத்து, இணையதளத்துக்கும் எழுதித் தர வேண்டியிருக்கிறது. புலனாய்வோ ஆவணம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலை. இறுதியில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அந்த வெறும் மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கத் துணிகிற நிர்வாகமே அரிது. விளம்பரதாரரைப் பகைத்துக்கொள்ளும் அச்சமும் கூடவே இருக்கிறது.

நீங்கள் வெறுக்கும் ரகசியக் கேமரா வகைக்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்க உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணத்தை நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை மாதங்களில் எடுக்கப்பட்ட பார்வையாளர் கணக்கெடுப்புகள் நெடுங்காலம் தீர்மானித்தன. அந்த மாதங்களுக்காகவே அவசரமாகச் சமைக்கப்பட்டவைதான் விடுதிப் படுக்கை விரிப்பின் அழுக்கைக் காட்டும் ‘புலனாய்வுகள்’. அதிகாரம் உள்ள எவரும் அவற்றால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவதில்லை. அவற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஆனாலும் முடிந்துவிடவில்லை. பீனிக்ஸ் நகரின் கே.என்.எக்ஸ்.வி. நிலையம், போராட்டக்காரர்களை இல்லாத ஒரு குற்றக் கும்பலின் உறுப்பினர்களாகச் சித்திரித்துக் காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும் வழக்குத் தொடுத்ததை 2021-இல் அம்பலப்படுத்தியது. அந்த வழக்குகள் கைவிடப்பட்டன.

அடுத்த முறை ஒரு தொகுப்பைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்த ஆவணத்தைக் காட்டினார்கள்? சில வாரங்கள் கழித்து அதே விவகாரத்துக்குத் திரும்பி வந்தார்களா? இரண்டும் இருந்தால் செய்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நிர்வாகத்திடம் இன்னும் சில மாதங்கள் கேட்டுப் பெற அவருக்கு அது உதவும். உங்களிடமே ஆதாரம் ஏதாவது இருந்தால் நகலைக் கொடுங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.