பூச்சி பத்தி முதல்முறையா படிக்கிறவங்க எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

கேட்டவங்க காலேஜ்ல முதல் வருஷம் விலங்கியல் படிக்கிறாங்களாம். உடலமைப்பு, வளர்ச்சி ரெண்டுமே படத்தைப் பாத்து பேரை மனப்பாடம் பண்றதாவே போகுது, ஒன்னுக்கொன்னு என்ன சம்பந்தம்னு புரியல, எங்க இருந்து தொடங்குறதுன்னு கேட்டிருக்காங்க. நானும் விலங்கியல்தான் படிச்சேன், இப்ப பதினொன்னாம் வகுப்புப் பசங்களுக்கு சாயந்தரம் டியூஷன் எடுக்குறேன், எனக்கும் ஆரம்பத்துல இதே நிலைமைதான்.

என் பதில் ஒரே விஷயம். தோல்ல இருந்து ஆரம்பிங்க. தலை மார்பு வயிறுன்னு மூணு பாகம், ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு, இதெல்லாம் பத்து நிமிஷத்துல மனசுல நின்னுடும், அதுல கஷ்டம் ஒன்னும் இல்ல. (எட்டுக்கால் பூச்சிக்கு பேர்லதான் பூச்சி, அதுக்கு எட்டுக் காலும் ரெண்டே பாகமும் இருக்குறதால அது வேற கூட்டம்.) ஆனா பூச்சிக்கு எலும்பு உள்ள இல்ல, வெளிய இருக்கு, இந்த ஒன்னுல இருந்துதான் மத்த எல்லாமே வருது, பாடப்புத்தகத்துல அதை 'கைட்டினால் ஆன புறச்சட்டகம்'னு (கைட்டின்ங்குறது அந்த ஓட்டோட மூலப்பொருள், புறச்சட்டகம்னா வெளி எலும்புக்கூடு) ஒரு வரியில சொல்லிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிடுறாங்க, அங்கதான் நாம தொடர்பை விட்டுடுறோம்.

வீட்டுல நண்டுக் குழம்பு வெக்கிறப்போ காலை உடைச்சு உள்ள இருக்குற சதையை உறிஞ்சுவோம்ல, அப்படித்தான் இதுவும். ஓடு வெளிய, தசை உள்ள ஓட்டுல ஒட்டியிருக்கும். ஓடு மடங்காதுங்குறதால அங்கங்க கணு விட்டிருக்கு, அதனாலதான் பூச்சி, நண்டு எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குக் கணுக்காலின்னு பேரே வந்துச்சு. உடம்பு மூடியிருக்குறதால காத்து உள்ள போக வழி வேணும், அதுக்கு ரெண்டு பக்கமும் சுவாசத்துளை, கரப்பானுக்கு 10 ஜோடி. அந்தத் துளையில இருந்து மூச்சுக்குழல் கிளை கிளையாப் பிரிஞ்சு நேரா திசு வரைக்கும் காத்தைக் கொண்டு போயிடும், அதனால ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போக வேண்டிய வேலை இல்ல, ஹீமோகுளோபினும் தேவை இல்ல, ரத்தம் சிவப்பா இருக்காது. கொசுவை அடிச்சா கையில ஒட்டுற சிவப்பு நம்மளோட ரத்தம்தான். மீன் தொட்டிக்குப் போடுற சிவப்புப் புழு மாதிரி சிலதுதான் இதுக்கு விலக்கு, அதுங்க ஆக்சிஜன் குறைவான சேத்துல வாழுறதால ஹீமோகுளோபின் வெச்சிருக்கு. இப்படி ஒரு ஓட்டுல இருந்தே கணு, மூச்சு, ரத்தம் மூணும் வந்துடுச்சு பாருங்க.

இப்ப வளர்ச்சிக்கு வரேன். ஓடு வளராது. உள்ள இருக்குற உடம்பு பெருசாகுது. அப்ப பாம்பு மாதிரி சட்டையை உரிச்சுத்தான் ஆகணும், அடியில புதுசா மடிப்பு மடிப்பா ஒரு தோல் தயாராகும், பழசு முதுகுப் பக்கம் வெடிக்கும், பூச்சி வெளிய வந்து காத்தை விழுங்கி உடம்பை உப்ப வெச்சு புதுத் தோலை விரிச்சிக்கும், அப்புறம்தான் அது கெட்டியாகும். ராத்திரி சமையலறையில லைட்டைப் போட்டா சில நேரம் வெள்ளைவெளேர்னு ஒரு கரப்பான் நிக்கும், அது வேற சாதியும் இல்ல நோயும் இல்ல, அப்பதான் சட்டை உரிச்சது, சில மணி நேரத்துல பழுப்பாயிடும். அது கழட்டிப் போட்ட சட்டை கிடைச்சா பத்திரப்படுத்துங்க. உள்பக்கத்தை லென்ஸ் வெச்சுப் பாத்தா வெள்ளை நூல் மாதிரி இழை தெரியும், அது மூச்சுக்குழலோட உள்தோல். வெளித் தோலை மட்டும் இல்லாம மூச்சுக்குழலோட உள்பூச்சு, முன்குடல் பின்குடலோட உள்பூச்சு எல்லாத்தையும் சேத்துக் கழட்டுது. நான் முதல் தடவை அந்த நூலைப் பாத்த அன்னிக்குத்தான் உடலமைப்பும் வளர்ச்சியும் ஒரே பாடம்னு எனக்குப் பட்டுச்சு.

ரெண்டு சட்டைக்கு நடுவுல இருக்குற பருவத்தைத்தான் இன்ஸ்டார்னு சொல்றாங்க. கரப்பான் காராமணி மாதிரி ஒரு முட்டைக்கூடு போடும், அதுல 14ல இருந்து 16 முட்டை, வெளிய வர்ற குட்டி பெரிய கரப்பான் மாதிரியேதான் இருக்கும், இறக்கை மட்டும் இருக்காது, பத்துப் பதிமூணு தடவை சட்டை மாத்தி பல மாசத்துல முழுசாகும். வெட்டுக்கிளி, தும்பி, கரையான், ஈசல் எல்லாம் இந்த வழிதான், கூட்டுப்புழுங்குற கட்டமே கிடையாது, இதைத்தான் முழுமையற்ற உருமாற்றம்னு சொல்றாங்க. வண்டு, ஈ, குளவி, தேனீ, பட்டாம்பூச்சிக்குத்தான் முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சின்னு நாலு கட்டம்.

எப்ப சட்டை மாத்தணும், மாத்துனா புழுவாவே இருக்கணுமா பெரிய பூச்சி ஆகணுமான்னு யார் முடிவு பண்றது? இதை 1930களில் லண்டன்ல வின்சென்ட் விகில்ஸ்வொர்த்னு ஒரு பூச்சியியல் விஞ்ஞானி கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ரோட்னியஸ்னு தென் அமெரிக்க ரத்தம் உறிஞ்சும் பூச்சி, ஒரு தடவை வயிறு முட்டக் குடிச்சா அதுக்கப்புறம் சட்டை உரிக்கும். குடிச்ச உடனே தலையை எடுத்தா உரிக்கவே இல்ல, சில நாள் விட்டு எடுத்தா உரிச்சுது. தலை இல்லாம எப்படி உயிரோட இருந்துச்சுன்னு கேப்பீங்க, மூச்சு விடுறது பக்கவாட்டுத் துளை வழியாத்தானே, மாசக்கணக்கா இருந்துச்சு. அடுத்து, கடைசிப் பருவப் பூச்சியை இன்னும் சின்னப் பருவத்துல இருக்குறதோட ரத்தம் கலக்குற மாதிரி ஒட்ட வெச்சாரு, பெருசு ஆக வேண்டியது திரும்பவும் இளம்பூச்சியாவே சட்டை மாத்துச்சு. அதாவது சட்டை உரின்னு சொல்ல தலையில இருந்து கிளம்புற ஒரு ஹார்மோன், இன்னும் சின்னதாவே இருன்னு சொல்ல இன்னொரு ஹார்மோன், அந்த ரெண்டாவது குறைஞ்சாத்தான் பூச்சி முழுசாகும். வயல்ல அடிக்கிற டைஃப்ளூபென்சுரான் மாதிரி பூச்சி மருந்தும் சட்டை மாத்துற இடத்துலதான் கை வெக்குது, ஆனா ஹார்மோனைத் தொடாம கைட்டின் உருவாக விடாது, புழு அடுத்த சட்டை மாத்துறப்போ செத்துடும்.

இதெல்லாம் கண்ணால பாக்கணும்னா தொட்டியில ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ போதும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்து இளந்தளிர்ல மஞ்சளா ஒவ்வொரு முட்டையா வெச்சுட்டுப் போகும். சின்னதுல புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அஞ்சாவது பருவத்துல பச்சையாயிடும், தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து கொம்பு மாதிரி ஒன்னை நீட்டி நாத்தம் அடிக்கும். புழுவுக்கு 16 கால் இருக்கே அப்புறம் எப்படிப் பூச்சின்னு பசங்க கேப்பாங்க, முன்னாடி இருக்குற ஆறுதான் கணுவுள்ள நிஜக் கால், பின்னாடி இருக்குற அஞ்சு ஜோடி சதைக் கால், இலையைப் பிடிக்க கொக்கி மட்டும் இருக்கும். சட்டை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நாள் சாப்பிடாம அசையாம இருக்கும், செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

கூட்டுக்குள்ள எல்லாமே கஞ்சியாக் கரைஞ்சுடும்னு யூட்யூப்ல சொல்றாங்க, அது முழுக்கச் சரி இல்ல. நிறைய தசை, குடல் கரையுறது உண்மை, ஆனா மூச்சுக்குழல், நரம்பு, இதயம் எல்லாம் மாறித்தான் அமையுது. இறக்கையோட மொட்டு புழு உடம்புக்குள்ள முன்னாடியே இருக்கு, 17ஆம் நூற்றாண்டுலயே யான் ஸ்வாமர்டாம்னு ஒரு டச்சு விஞ்ஞானி அதை அறுத்துக் காமிச்சுட்டாரு.

போன வருஷம் நான் வெச்சிருந்த ஒரு கூட்டுல இருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலா ஒரு சின்ன ஓட்டை வழியா பொடிப் பொடிக் குளவிங்க வந்துச்சு, மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா அதுங்களும் உள்ளயே முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சின்னு நாலு கட்டத்தையும் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கு, அதையும் நோட்டுல எழுதுங்க.

நல்லபடியா போனா கூடு ஒரு ராத்திரி கறுத்து உள்ள இறக்கை டிசைன் தெரியும். மறுநாள் காலையில சீக்கிரமே பக்கத்துல உக்காந்துடுங்க. வெளிய வந்த முதல் சில நிமிஷம் இறக்கையைப் பாக்காம வாயைப் பாருங்க, உறிஞ்சுகுழல் அப்ப ரெண்டு தனி இழையா இருக்கும், சுருட்டிச் சுருட்டி விரிச்சு ஒன்னாச் சேத்துக்கும். உங்க புத்தகத்துல கரப்பானோட வாயுறுப்புப் படத்துல மாக்சில்லான்னு ரெண்டு இருக்கே, நீண்டு இப்படி ஆகியிருக்குறது அதே உறுப்புதான்.