வாய்ப் புற்று இதயம் வரை போகுமா? சிஸ்டரிடம் கேளுங்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு நாக்கில் புற்று. ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. நேற்றிலிருந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது. புற்று இதயத்துக்கும் போகுமா சிஸ்டர்?

போகும் தம்பி, ஆனால் மிக அபூர்வம். வாய்ப் புற்று முதலில் கழுத்து நெறிக்கட்டிக்குத்தான் இறங்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் நுரையீரல், அப்புறம் எலும்பு, கல்லீரல். இதயத்துக்குப் போனாலும் பலருக்கு வெளியே தெரிவதில்லை. தெரிந்தால், இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்து அழுத்தும். மூச்சு வாங்கும், துடிப்பு தாறுமாறாகும். தசைக்குள் கட்டி வளர்ந்தால் ஈசிஜி அப்படியே மாரடைப்பு மாதிரி காட்டும், ரத்தக்குழாயில் அடைப்பே இருக்காது.

அதற்காக இது புற்றுதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். புகையிலை போட்டவருக்கு நிஜ மாரடைப்பும் வரும், நுரையீரலில் ரத்தம் உறைந்தும் மூச்சு வாங்கும். எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ‘கரண்ட் வைத்த அசதி’ என்று வீட்டிலேயே வைத்திருந்து கடைசி நேரத்தில் தூக்கி வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்துவிட்டேன், மனசு ஆறவில்லை. இன்றே 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பழைய ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப் புற்று இருந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் எக்கோவை (இதய ஸ்கேனை) அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்.

மேலூரிலிருந்து ஒரு அக்கா: எக்கோவில் வீட்டுக்காரருக்கு இதயத்தில் கட்டி, வாய்ப் புற்று பரவியது என்கிறார்கள். அறுத்து எடுத்துவிடலாமா?

பெரும்பாலும் முடியாது அக்கா. நீர் கோத்திருந்தால் ஊசி வழியாக எடுப்பார்கள், மூச்சு உடனே இலகுவாகும். உடம்பு தாங்கினால் கீமோ, இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து) உண்டு. ஆனால் இந்த நிலையில் நாட்களைப் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் எண்ண வேண்டியிருக்கும். வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

செல்லூரிலிருந்து ஒருவர்: சதை எடுத்து டெஸ்ட் செய்தால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

இல்லை. அதற்குப் பயந்து தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது.

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை: அம்மா புகையிலை தொடமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும்தான். பயமில்லையே?

பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-லேயே அறிவித்துவிட்டது. அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரல்கள் செங்குத்தாக உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டோ இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தாலோ, இந்த வாரமே பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.