ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போன நாலு போன்

கேள்வி: திருப்பூரில் கிரே துணி (சாயம் போடாத துணி) வாங்கி, டையிங் கொடுத்து விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பில்லிங் வேலைக்கு எழுத்தில் செயல்முறைத் தாள் இருக்கிறதா என்று ஐ.எஸ்.ஓ. தரச் சான்று ஆடிட்டர் கேட்கிறார். டாலி கணக்கு சாஃப்ட்வேரிலேயே ஹெல்ப் இருக்கிறதே, அதைக் காட்டினால் போதாதா? பில்லிங் பார்ப்பது என் அக்கா மகள். போன மாதம் அவளுக்குப் பிரசவம். அப்போதுகூட வேலை நிற்கவில்லை. வெயிட் குறைவு, டி.சி. (டெலிவரி சலான்), கேரளா பார்ட்டி டேக்ஸ், ஓ.டி.பி. என்று நாலு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம்.

பதில்: நாலு தடவை"தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெல்ப் போதுமென்றால் அந்த நாலு போன் எதற்கு?

ஆடிட்டர் சமாச்சாரம் சின்னது, அதை முதலில் முடித்துவிடலாம். ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2015 பதிப்பு ஒவ்வொரு வேலைக்கும் தாள் எழுதச் சொல்லவில்லை. ஆவணம் எந்த வடிவிலும் இருக்கலாம். எவ்வளவு தேவை என்பது வேலையின் சிக்கலையும் ஆட்களின் திறமையையும் பொறுத்தது. ஹெல்ப் பக்கத்தையும் வெளியிலிருந்து வந்த ஆவணமாகக் காட்டலாம், எந்தப் பக்கம், எந்த வெர்ஷன் என்று குறித்து வைத்திருந்தால். 2020-இல் டாலி பிரைம் வந்தபோது பழைய மெனுக்கள் இடம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அப்டேட் போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பைச் சரிபார்க்க வேண்டும்.

இனி அந்த போன்களுக்கு வருவோம். டையிங்குக்கு 500 கிலோ அனுப்பினீர்கள், 470 கிலோ திரும்பி வந்தது என்று வையுங்கள். 470 என்பதை எந்த வவுச்சரில், எந்தக் கட்டத்தில் அடிப்பது என்று ஹெல்ப் சொல்லும். குறைந்த 30 கிலோவை, அதாவது 6 சதவீதத்தை, ஒப்புக்கொள்வதா, டையிங்காரர் பில்லில் பிடிப்பதா? அது நீங்கள் அவரோடு வாய்ப்பேச்சாகப் பேசி வைத்தது. எந்தக் கலருக்கு எத்தனை சதவீதம் வரை விடலாம், துணி நன்றாகக் காய்ந்த பிறகுதான் எடை போட்டார்களா (ஈரத்தோடு போட்டால் குறைவே தெரியாது), வரம்பு தாண்டினால் யாரிடம் கேட்பது: இந்த மூன்றும் உங்கள் தாளில்தான் இருக்க முடியும்.

டி.சி. மூன்று பிரதி: அசல் டையிங்காரருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது உங்களுக்கு. ஒரு வருடத்துக்குள் துணி திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜி.எஸ்.டி.யில் கணக்கு. யாருடைய ஃபைலில் அந்த மூன்றாவது பிரதி போகிறது, நிலுவையை யார் பார்க்கிறார் என்று எழுதுங்கள்.

கேரளா பார்ட்டி விஷயத்தில்தான் பணம் போகும். பில் அவர் பேரில், சரக்கை மட்டும் அவர் சொன்னபடி ஈரோட்டில் இன்னொருவரிடம் இறக்குகிறீர்கள் என்றால் ஐ.ஜி.எஸ்.டி.தான் (வெளிமாநில விற்பனைக்கான வரி). ஈரோடு என்று பார்த்ததும், அவள் இடத்தில் உட்காரும் புதுப் பையன் உள்மாநில விற்பனை என்று நினைத்து சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. போட்டுவிடுவான். நீங்கள் இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) போடுகிறவர் என்றால், போர்ட்டலில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். இ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். அதே பில் நம்பரைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது. எந்தெந்தப் பார்ட்டி இப்படி வேறு ஊரில் இறக்கச் சொல்வார் என்ற பட்டியல் எந்த ஹெல்ப்பிலும் இல்லை, அந்தப் பெண்ணின் தலையில் இருக்கிறது.

பிரசவமான பெண்ணை ஆறு வாரம் வேலையில் வைக்கக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது. சட்டத்தை விடுங்கள். நீங்கள் தாய்மாமன். குழந்தை பிறந்த வீட்டுக்குத் தொட்டில் சீலையோடு போக வேண்டிய ஆள், வெயிட் குறைவுக்கு வழி கேட்டுப் போன் போட்டிருக்கிறீர்கள். சொந்தம் என்றால் எந்நேரமும் கேட்கலாம் என்று நினைத்துவிட்டீர்கள். வெளியாளாக இருந்தால் ஒரு தடவை கூப்பிடவே யோசித்திருப்பீர்கள்.

நாலு போனில் மூன்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போதும். தாளின் மேல்பகுதியில் எப்போது, யார் செய்வது. நடுவில் இதுவரை சொன்ன முடிவுகள். பட்டன் அழுத்தும் பகுதிக்கு ஹெல்ப் பக்கத்தின் பெயர் மட்டும். கீழே தேதி, வெர்ஷன், கையெழுத்து. எழுதியதும் புதுப் பையனிடம் கொடுத்து, போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள். அவன் எங்கே நிற்கிறானோ அங்கே ஒரு வரி சேருங்கள்.

நாலாவதுக்குத் தாள் வேண்டாம். இ-வே பில் போர்ட்டலில் துணைப் பயனர் ஒருவரைச் சேர்த்து, அவர் நம்பரைக் கொடுங்கள், ஓ.டி.பி. அவருக்கே வரும். இன்றைக்கு மாலையே செய்யுங்கள். அந்தக் குழந்தை தூங்கும் நேரத்தில் அம்மா போன் அடிக்கக் கூடாது.