பழுதுக்கு நேரம் குறிக்க முடியுமா?

கேள்வி: நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே உள்ள சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். காலையில் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். பல் மருத்துவமனைகளில் இருப்பதுபோல ஆன்லைனில் நேரம் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவரலாமா? அதற்கு எந்த மென்பொருளை வாங்க வேண்டும்?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால், பல் மருத்துவரின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். அங்கே வருபவர் நாற்காலியில் அமர்ந்து, சிகிச்சை முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார். ‘ஆன் ஆகவில்லை’ என்று வரும் லேப்டாப்புக்கோ, கையில் வாங்கிப் பார்க்கும்வரை எவ்வளவு நேரம் ஆகும் என்பதே தெரியாது. குறை சார்ஜரில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்; ரேமை (தற்காலிக நினைவகம்) கழற்றித் துடைத்து மாட்டியதும் உயிர் வந்துவிடுவதும் உண்டு; மதர்போர்டில் ஷார்ட் சர்க்யூட் என்றால், சிப் லெவல் வேலை (போர்டில் உள்ள சிறு பாகங்களையே மாற்றுவது) செய்பவரிடம் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, பழுது நீக்குவதற்கு நேரம் கொடுக்காதீர்கள். கருவியை ஒப்படைத்து, உங்கள் முன்னால் வைத்துக் குறையைச் சொல்வதற்கு மட்டும் இருபது நிமிட இடைவெளிகளில் நேரம் கொடுங்கள். செலவு எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பவற்றைப் பரிசோதித்த பிறகு சொல்வதாகப் பதிவுப் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றுவது, ரேம் கூட்டுவது போன்ற அளவு தெரிந்த வேலைகளுக்கு மட்டும் தனி நேரம் ஒதுக்கலாம். அதிலும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு மாற்றச் சொன்னால், டேட்டாவின் அளவையும் அந்த டிஸ்க்கின் நிலையையும் பொறுத்து நேரம் நீளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மென்பொருளைவிடப் பதிவின்போது நீங்கள் கேட்கும் கேள்விகள்தாம் முக்கியம். மாடல் எண், ஆன் ஆகிறதா, தண்ணீரோ காபியோ கொட்டியதா, உள்ளே இருப்பவற்றுக்கு பேக்அப் உண்டா என்ற நான்கும் போதும். மாடல் எண் தெரிந்துவிட்டால் ஸ்பேர் கைவசம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், 11-க்கு மாற வேண்டும் என்று கேட்டு வருபவர்களும் இருப்பார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ளிட்ட தகுதிகள் அந்தப் பழைய மாடலுக்கு இல்லை என்றால், அவரை அலைய வைக்காமல் செய்தியிலேயே சொல்லிவிடலாம். ‘தண்ணீர் கொட்டியது’ என்று பதில் வந்தால் நாளை மறுநாளுக்கு நேரம் கொடுப்பது தவறு. உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்து பார்க்காமல் நேராகக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் படிவத்தில் கேட்காதீர்கள். தேவைப்பட்டால் நேரில், உரியவரே தட்டச்சு செய்யட்டும்.

உங்கள் அளவுக்குப் பணம் கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கூகுள் காலண்டரில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரும் ஒரு முன்பதிவுப் பக்கத்தை இலவசமாக அமைக்கலாம். ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் அடுத்தவருக்குக் காட்டப்படாது. (கூகுள் படிவத்தை இதற்குப் பயன்படுத்துகிறார்கள் சிலர். அது தானாக நேரத்தை அடைத்துக்கொள்ளாது என்பதால், ஒரே நேரத்துக்கு மூவர் வந்து நிற்பார்கள்.) அந்தப் பக்கம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும், நம் ஊரில் பலர் மின்னஞ்சலைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதால், தொலைபேசி எண்ணையும் கட்டாயமாக்கி, முதல் நாள் மாலை வாட்ஸ்அப்பில் நினைவூட்டிவிடுங்கள். இணைப்பை கூகுள் மேப்ஸில் தெரியும் உங்கள் கடைப் பக்கத்திலும், வாட்ஸ்அப் பிசினஸில் கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதிலிலும் சேர்த்துவிட்டால் அதுவே விளம்பரம்.

மாலைக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்றால், தொடக்கத்தில் காலை நேரங்களை மட்டும் பதிவுக்குத் திறந்து வையுங்கள். பதிவு செய்து வருபவரின் கருவியை அன்றே பரிசோதித்துச் சொல்வதாக உறுதி கொடுத்தால் காலைக்கு ஆள் வரும். மாலையில் நேராக வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெரியவர்கள் பலர் அப்படித்தான் வருவார்கள், அவர்களிடம் இணைப்பை நீட்டுவது மரியாதையாக இராது.

கேள்வி: பதிவு செய்துவிட்டு வராதவர்களை என்ன செய்வது? முன்பணம் வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒப்படைக்கும் நேரத்துக்கு முன்பணம் வேண்டாம். இருபது நிமிடம் வீணானால் மேசையில் ஏற்கெனவே இருக்கும் வேலையைப் பார்க்கலாம். வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ நீங்கள் நேரில் போக வேண்டிய பதிவுக்கும், குறிப்பிட்ட மாடலுக்கென்று ஸ்பேர் வரவழைக்க வேண்டிய வேலைக்கும் யுபிஐ மூலம் முன்பணம் பெறுவது நியாயமே. அந்தத் தொகை இறுதிப் பில்லில் கழிக்கப்படுமா, எப்போது திருப்பித் தரப்படாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே செய்தியாக அனுப்பி, ஜாப் கார்டிலும் (வேலை விவரம் எழுதும் அட்டை) குறித்துவிடுங்கள்.