கரி பூசிய முகமும் வெறும் வேஷம்தானா?

கேள்வி: தெருக்கூத்தில் நாமும் முகத்துக்கு வண்ணம் பூசுகிறோம். ஹாலிவுட்டில் வெள்ளைக்காரர்கள் கறுப்பு பூசி நடித்ததை மட்டும் ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகப் பேசுகிறார்கள்?

கூத்து பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது நீங்கள், அதனால் அரிதாரத்திலிருந்தே தொடங்குகிறேன். கட்டியக்காரன் முகத்தைப் பார்த்துவிட்டு எந்தச் சனத்தையும் யாரும் எடைபோடுவதில்லை. அமெரிக்க மேடையின் கரிமுகம் அப்படியில்லை. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் ‘ஜிம் க்ரோ’ என்று கறுப்பின வேடம் கட்டி ஆடிப் புகழ்பெற்றார். பிற்பாடு தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

பூச்சு தயாரான விதத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பாட்டில் தக்கைகளை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்துவார்கள். கருகியதை நைஸாகப் பொடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, முகம், காது, கழுத்து வரை இழுப்பார்கள். உதட்டைச் சுற்றி அகலமாகப் பூசாமல் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் வெள்ளையோ சிவப்போ தீட்டுவார்கள். கையில் பூசினால் தொட்ட துணியிலெல்லாம் அப்பும். வெள்ளைக் கையுறை போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சோப்புத் தண்ணீரில் சீக்கிரம் போய்விடும், ஆனால் வியர்த்தால் கோடு கோடாக வழியும்.

எந்த நிறத் தோலுக்கும் ஒரு மினுக்கம் உண்டு. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அந்த வெளிச்சம் அசைவதால்தான் முகபாவம் தெரிகிறது. தக்கைக் கரி வெளிச்சத்தை விழுங்கிவிடும், மிஞ்சுவது கண்ணும் வாயும்தான். கண்ணை உருட்டு, வாயைப் பிள என்று அந்தப் பூச்சே நடிகனைக் கோமாளித்தனத்துக்குத் தள்ளும். பிரிட்டிஷ் வெள்ளை நடிகர் லாரன்ஸ் ஒலிவியே, ஷேக்ஸ்பியரின் கறுப்பு நாயகன் ஒதெல்லோவாக நடிக்க உடம்பெல்லாம் கறுப்பு பூசியபின் ஷிஃபான் துணியால் தேய்த்துப் பளபளப்பேற்றியது இதற்காகத்தான். அந்தப் படம் வந்தது 1965இல், அதாவது கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியே ஆஸ்கர் வாங்கிய மறு வருடம்!

மௌனப்பட காலத்தில் பெரும்பாலும் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவே பதியும். மேடையில் எடுபட்ட சிவப்பு உதடு திரையில் கரியோடு கரியாகிவிடும். கேமராவுக்கு வெள்ளை உதடுதான் வாகாக இருந்தது.

‘கறுப்பு நடிகர்கள் கிடைக்கவில்லை, அதனால் பூசினார்கள்’ என்று சொல்ல வருபவர்கள் 1915இல் வந்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தைப் பார்க்கட்டும். கறுப்பினத்தவர் துணைநடிகர்களாகச் சட்டகத்திலேயே நிற்கிறார்கள். வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பன் கஸ் வேடமோ கரி பூசிய வெள்ளை நடிகர் வால்ட்டர் லாங்குக்குப் போனது. நிஜமான கறுப்பு ஆண் ஒரு வெள்ளை நடிகையின் பக்கத்தில் வரக்கூடாது, ஆனால் அவன்மேல் பயம் மட்டும் வரவேண்டும். அதே வருடம்தான் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி தலைதூக்கியது. இன்னொரு பக்கம் பெர்ட் வில்லியம்ஸ், பிறப்பால் கறுப்பினத்தவர், பெரிய நகைச்சுவை நடிகர். அவரும் கரி பூசிக்கொண்டுதான் மேடையேறினார். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே பொறுக்க முடியாத பகுதி இதுதான்.

சீன வேடங்களிலும் இதே கதைதான். 1937இல் வந்த ‘த குட் எர்த்’ படத்தில் சீன நாயகனாக நடித்தவர் வெள்ளை நடிகர் பால் முனி. வெவ்வேறு இனத்தாரைக் கணவன் மனைவியாகக் காட்ட அன்றைய தணிக்கை விதி இடம் தராது. சீன வம்சாவளியில் வந்த அன்னா மே வாங் சீன மனைவியாக நடிக்க முடியாமல் போனார். அந்த வேடத்தில் நடித்த வெள்ளை நடிகை லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. வெள்ளை நடிகர்கள் நம்மை மாதிரி இந்தியர் வேடம் கட்டுவதும் நடந்தது: 1968இல் ‘த பார்ட்டி’யில் பீட்டர் செல்லர்ஸ், 1986இல் ‘ஷார்ட் சர்க்யூட்’டில் ஃபிஷர் ஸ்டீவன்ஸ்.

‘அப்போது தமிழ்ப் படத்தில் வெளுத்த நடிகையைக் கறுப்பாக்குவது மட்டும் சரியா’ என்று சண்டைக்கு வராதீர்கள். சரியென்று நான் எங்கும் சொல்லவில்லை. அதற்கு வேறு வரலாறு, தனியாகக் கேளுங்கள்.

ஒரு ஆதங்கம் மட்டும். கேமராவைக் கையால் சுழற்றிக் குறைந்த வேகத்தில் எடுத்த மௌனப் படங்களை நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டி இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எல்லோரும் துள்ளிக்குதிக்கிறார்கள், பார்ப்பவரும் சிரித்துவிட்டுப் போகிறார். அப்படிப்பட்ட பிரதி மாட்டினால் வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பாருங்கள். காதோரத்திலும் சட்டைக் கழுத்திலும் கரி எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும்.